முதல் மனசுக்கு ஒரு பந்தயம்

பகடை உருட்டுகிற யாரும் ஒரு தடவை மட்டும் உருட்டுவதில்லை. இரண்டு தடவை உருட்டுகிறார்கள். முதல் தடவை கை தயாராகிவிடும். விரல் திறக்கப் போகும். கடைசி நொடியில் மூடிக்கொள்ளும். இன்னும் ஒரு குலுக்குக் குலுக்குவார்கள். பிறகுதான் பகடை மேசையில் விழும்.

பார்ப்பவர்களுக்கு அது ஒரே வீச்சு. எங்கள் மேசைக்கு இரண்டு.

'மரகதம்' என்ற சூதாட்டக் கப்பலில் வேலை பார்க்கிறேன். புதுச்சேரிக் கரையிலிருந்து படகில் ஒன்றரை மணி நேரம். நாட்டின் சட்டம் முடிகிற இடத்துக்குச் சற்று அப்பால் நங்கூரம் போட்டு நிற்கும். நான் புள்ளியியல் படித்தவன். புதுப் பந்தயங்களை உருவாக்குவது என் வேலை. மக்களுக்கு எதுவும் ஆறு மாதத்தில் சலித்துப்போகிறது.

பகடை மேசையின் விளிம்புக்கு அடியில் நாற்பத்தெட்டு கேமராக்கள் இருக்கின்றன. ஏமாற்றுகிறவர்களைப் பிடிப்பதற்காக வைத்தவை. கப்பலில் ஏறும் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு பட்டையைக் கட்டிவிடுவோம். தசையில் ஓடும் மின்னோட்டத்தை அது படிக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த முதல் வீச்சு கண்ணில் பட்டது. நிஜ வீச்சுக்கு முக்கால் நொடி முன்னால். எல்லோருக்கும் இருந்தது.

ரோஸலின் மேடத்திடம் கொண்டுபோனேன். கப்பலின் ஆட்டங்கள் அத்தனையும் அவர் பொறுப்பு.

"விளக்கமாச் சொல்லு. நான் பத்தாவதுதான்" என்றார். பொய். பிரெஞ்சில் எம்.ஏ.

"மேசை எல்லாத்தையும் பாக்குது மேடம். கை எந்தக் கோணத்துல இருக்கு, என்ன வேகம், விரல் எப்பத் திறக்குது. பகடை கையை விட்ட உடனே என்ன விழும்னு அதுக்குத் தெரிஞ்சிரும்."

"அது எனக்கும் தெரியும். அதனாலதானே பகடை நிக்கிற வரைக்கும் அந்தக் கணக்கைப் பூட்டி வெச்சிருக்கோம். மேல சொல்லு."

"முதல்ல ஒரு தடவை விரல் திறக்கப் போச்சே, அப்பவே திறந்திருந்தா என்ன விழுந்திருக்கும்? அதையும் அது கணக்குப் போடும்."

"விழாத பகடைக்குக் கணக்கா?"

"ஆமா."

"சரி, வெச்சுகிட்டு?"

"பந்தயம். முதல்ல தோணினப்பவே போட்டிருந்தா இதைவிடப் பெருசா விழுந்திருக்கும்னு சொல்றவங்க ஒரு பக்கம். நிதானிச்சுப் போட்டதுதான் பெருசுன்னு சொல்றவங்க இன்னொரு பக்கம்."

"ரெண்டும் ஒண்ணா இருந்தா?"

"கப்பலுக்கு."

ரோஸலின் கண்ணாடியைக் கழற்றினார். "எத்தனை தடவைக்கு ஒருக்கா ஒண்ணா இருக்கும்?"

"தடவைக்கு ரெண்டு பகடை. ஆயிரத்து இருநூத்தித் தொண்ணூத்தாறுக்கு நூத்தி நாப்பத்தாறு. நூத்துக்குப் பதினொண்ணு தாண்டும்."

"ரூலெட்டுல கூட அவ்வளவு நிக்காதேடா." சிரித்தார். "எங்கம்மா மீன் வாங்கப் போனா ஒரே பேச்சுதான். முதல் மனசு காட்டுற மீனைத்தான் எடுக்கணும், புரட்டிப் புரட்டிப் பாத்தா கெட்ட மீன்தான் கூடைக்கு வரும்பாங்க. அதையே பேரா வெச்சிரு. முதல் மனசு."

வைத்தோம். மூன்று வாரம் ஒருவரும் சீண்டவில்லை.

விழாத பகடையைப் பற்றி யாருக்கு என்ன கவலை? எனக்கு மட்டும்தான் இருந்தது. அதனால் அடுத்த யோசனையும் எனக்குத்தான் வந்தது.

எங்கள் மேசையில் ஏழுக்கு மேல் விழுந்தால் ஆடுபவர் ஜெயிப்பார். மற்றதெல்லாம் தோல்வி. ஒருவர் தோற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் கையில் விட்டிருந்தால் ஜெயித்திருப்பார் என்று மேசை சொல்கிறது. அப்போது மட்டும், இலவசமாக, அந்த விழாத பகடையைத் திரையில் சாம்பல் நிறத்தில் உருட்டிக் காட்டுவது. ஒன்பது. பத்து. பதினொன்று. முதல் கையிலும் தோற்றிருப்பார் என்றால் எதையும் காட்டுவதில்லை. ஜெயித்தவருக்கும் எதையும் காட்டுவதில்லை.

"ஒரு எண்ணும் பொய் இல்லை மேடம். எதைக் காட்டுறதுங்கிறது மட்டும் நம்ம கையில."

ரோஸலின் தலையாட்டினார். "தயா, பொண்டாட்டி போனதுக்கு அப்புறம் நீ ரொம்ப நல்லா வேலை பாக்குற" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. பாராட்டுத்தான்.

பத்தே நாளில் அந்த மேசையைச் சுற்றி நிற்க இடம் இல்லை.

"அய்யய்யோ, முதல்லயே விட்டிருக்கணும்!" இதுதான் நாள் முழுக்கக் கேட்கும் சத்தம். தோற்றவர்கள் தோல்வியை மறந்துவிடுவார்கள். சாம்பல் பகடையை மறக்க மாட்டார்கள். நாலு தடவை பார்த்த பிறகு 'முதல் மனசு' கட்டத்தில் டோக்கனை அடுக்குவார்கள். சிலர் குலுக்குவதையே விட்டுவிட்டார்கள். பகடையை எடுத்ததும் எறிந்தார்கள். அப்போதும் மேசை அவர்களிடம் ஒரு தயக்கத்தைக் கண்டுபிடித்தது. முக்கால் நொடி கால் நொடியானது, கால் நொடி அதிலும் பாதியானது. இல்லாமல் போகவே இல்லை. தயங்காத கை பிணத்துக்குத்தான் இருக்கும்.

முருகையன் என்று ஒரு ஜவுளிக்கடைக்காரர். அறுபது தாண்டியவர். வாரம் தவறாமல் வருவார்.

"தம்பி, நீங்கதான் இதைக் கண்டுபிடிச்சவராமே. நீங்க நல்லா இருக்கணும். என் கண்ணைத் திறந்துட்டீங்க."

"என்ன ஆச்சுங்க?"

"முப்பத்திநாலு வருஷம் முன்னாடி பொண்ணு பாக்கப் போனேன். முதல் மனசு வேணாம்னுச்சு. எங்கப்பாரு, யோசிச்சுச் சொல்லுடான்னாரு. யோசிச்சேன். கட்டிகிட்டேன். போன வாரம் அவகிட்டயே சொல்லிட்டேன், முதல் மனசைக் கேட்டிருந்தா நான் வேற எங்கயோ இருந்திருப்பேன்டின்னு."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை. விழுப்புரத்துல அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா." சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். "மூட்டை கட்டுறதுக்கு அவ யோசிக்கவே இல்லைய்யா. முதல் மனசு!"

ஊரிலும் அந்தச் சொல் பரவிவிட்டது. டீக்கடையில், பதிவு அலுவலக வரிசையில், பெண் பார்க்கும் வீடுகளில் சொன்னார்கள். கப்பலை எட்டிப் பார்க்காதவர்களும் சொன்னார்கள்.

இனி என் விஷயம்.

என் மனைவி பெயர் தேன்மொழி. எட்டாம் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை வயிறு வலிக்கிறது என்றாள். நர்சிங் ஹோமுக்குப் போனபோது மணி நாலு. டாக்டர் பூவராகன் பார்த்தார். உள்ளே ரத்தம் கசிகிறது, உடனே அறுவை செய்ய வேண்டும் என்றார். கையெழுத்துப் போடத் தாளை நீட்டினார். சுவர்க் கடிகாரத்தில் நாலு பன்னிரண்டு.

பேனாவைத் திறந்தேன். மாமியார் என் முழங்கையைப் பிடித்தார்.

"மாப்ள, நாலரை வரைக்கும் ராகு காலம். கால் மணி நேரம்தான். கத்தி வெக்கிறதுக்கு முன்னாடி இது முடிஞ்சிரட்டும் மாப்ள. மூணு வருஷம் கழிச்சு வந்த பிள்ளை."

எனக்கு ராகு காலத்தில் நம்பிக்கை இல்லை. எந்தக் காலத்திலும் இல்லை. செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரை வரை உலகத்தில் எத்தனை குழந்தைகள் நன்றாகப் பிறக்கின்றன என்று தோராயமாகக் கணக்குப் போட்டுச் சொல்லக்கூடியவன் நான். ஆனால் அந்த அம்மா என் முழங்கையை விடவில்லை. டாக்டரைப் பார்த்து, "கால் மணி நேரம் ஆகலாமா?" என்றேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "சீக்கிரம்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

நாலு முப்பத்தொன்றுக்குக் கையெழுத்துப் போட்டேன். குழந்தை முதலில் போனது. அவள் ஆறு மணிக்கு. ஆண் குழந்தை என்று ஒரு நர்ஸ் சொன்னாள். கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தது: 'உறவினர் ஒப்புதல் தாமதம், 19 நிமிடம்.'

மயானத்திலிருந்து திரும்பியதும் மாமியாரிடம், "பதினாறாம் நாளுக்கு வராதீங்க. இந்த வாசப்படி ஏறாதீங்க. உங்க ராகு காலத்தைக் கட்டிகிட்டு அழுங்க" என்றேன். எல்லோர் முன்பும் சொன்னேன். அவர் பையை எடுத்துக்கொண்டார். சிதம்பரம் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். பதினான்கு மாதம் ஆகிறது. எனக்கு முப்பத்தொரு வயது.

நாலு பன்னிரண்டுக்குப் போட்டிருந்தால்? இந்த ஒரு கேள்வியோடு எழுந்து, பல் விளக்கி, படகேறி, வேலை பார்த்து, திரும்பி வருகிறவனுக்குப் பகடைக்காரனின் முதல் கை கண்ணில் படாமல் எப்படி இருக்கும்?

மாதா மாதம் கப்பலிலிருந்து சிலருக்கு இலவசப் பயணச் சீட்டு அனுப்புவோம். பட்டியலில் டாக்டர் பூவராகனின் பெயரைச் சேர்த்தேன். அவர் 'சீக்கிரம்' என்று மட்டும்தான் சொன்னார். 'இப்பவே' என்று சொல்லியிருக்கலாம். என் கையைப் பிடித்து எழுத வைத்திருக்கலாம். டாக்டர் அவர்தானே? அந்தப் பத்தொன்பது நிமிடத்தில் பாதியாவது அவருடையது. அதை அவர் தலையில் ஏற்றிவிட வேண்டும். அதற்கு என்னிடம் ஒரு மேசை இருந்தது.

வந்தார். ஒல்லியான மனிதர், ஐம்பத்தைந்து இருக்கும். குடிக்க மாட்டார். ஓர் ஓரமாக நின்று ஆடினார். மூன்றாவது வீச்சிலேயே சாம்பல் பகடை வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"இந்தச் சாம்பல் பகடை நிஜமா, சும்மா படமா?"

"நிஜம் டாக்டர். ஒரு எண்ணும் பொய் இல்லை."

"நீங்க செஞ்சதா இது?"

"ஆமா."

என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்தார். "ம்" என்றார். பகடையை எடுத்துக்கொண்டார்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்தார். சீட்டு நான் அனுப்பத் தேவைப்படவில்லை. இரண்டாம் மாதத்தில் குலுக்குவதை விட்டார். மூன்றாம் மாதத்தில், டீலர் பகடையைத் தள்ளும்போதே அவர் கை எறியத் தயாராக இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். சந்தோஷமா என்றால், இல்லை. எனக்கு எதுவும் ஆகவில்லை. கை மரத்துப்போனால் ஊசி குத்தினாலும் தெரியாதே, அப்படி.

ஒரு ஞாயிறு, பகடைக்குக் காத்திருந்த நேரத்தில் அவராகவே பேசினார்.

"போன வாரம் ஒரு கேஸ். இருபத்திமூணு வயசுப் பொண்ணு. பிரசவம் ஆயிடுச்சு, ரத்தம் நிக்கலை. முன்னெல்லாம் ஊசி போட்டு, அழுத்திப் பிடிச்சு, பத்து நிமிஷம் பாப்பேன். இந்தத் தடவை பாக்கலை. முதல் மனசு எடுன்னுச்சு. கர்ப்பப்பையை எடுத்துட்டேன்."

"பொழைச்சாங்களா?"

"பொழைச்சிட்டா. குழந்தை ரெண்டாம் நாள் போயிருச்சு."

அவர் மேசைப் பக்கம் திரும்பினார்.

"பத்து நிமிஷம் பாத்திருந்தா நின்னிருக்குமோ என்னவோ. அதைக் காட்டுறதுக்கு அங்க உங்க மேசை கிடையாது பாருங்க." சிரிக்க முயன்றார். "அவ புருஷன் தினமும் ஆஸ்பத்திரி கேட் பக்கத்துல வந்து நிக்கிறான். ஒண்ணும் கேக்குறதில்லை. நிக்கிறான், அவ்வளவுதான். வாட்ச்மேன் போகச் சொன்னா ரெண்டடி தள்ளி நிக்கிறான்."

பகடை வந்தது. எறிந்தார். ஐந்து. திரையில் சாம்பல் நிறத்தில் பத்து. "பாத்தீங்களா!" என்றார் என்னிடம், ஏதோ நான் மறுத்துப் பேசியதுபோல.

அப்படி நிற்பது எனக்குத் தெரியும். நானும் அதே கேட்டில் ஒரு மாதம் நின்றேன். கேட்பதற்கு ஒன்றும் இருக்காது. வேறு எங்கே போய் நிற்பது என்று தெரியாது.

அந்தப் பையனை அங்கே நிறுத்தியது டாக்டர் மட்டும் இல்லை. நான் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டால் எனக்குத் தெரிந்துவிடும். இது தெரிந்தது.

அடுத்த ஞாயிறு, மேசையின் பதிவிலிருந்து பூவராகனின் வீச்சுகள் அத்தனையையும் அச்செடுத்தேன். பதிவை வெளியே கொண்டுபோனால் வேலை போகும். நான்கு மணிப் படகில் அவர் கரைக்குத் திரும்பினார். நானும் ஏறினேன். பின்பக்கப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். வெயில் இன்னும் இருந்தது. தாள்களை நீட்டினேன்.

"என்ன இது?"

"நீங்க வீசின முந்நூத்திப் பதினெட்டு வீச்சு. நிஜமா விழுந்தது ஒரு பக்கம், முதல் கையில விட்டிருந்தா விழுந்திருக்க வேண்டியது இன்னொரு பக்கம். உங்களுக்குத் திரையில காட்டினது இதுல நாலுல ஒண்ணுதான்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பக்கத்தைப் பார்த்தார்.

"முதல் கை பெருசு நூத்தி நாப்பத்திமூணு. நிதானிச்சது பெருசு நூத்தி முப்பத்தொம்பது. சமம் முப்பத்தாறு" என்றேன்.

"வித்தியாசமே இல்லையே."

"இருக்காது டாக்டர். பகடைக்கு முதல் மனசும் கிடையாது, ரெண்டாவதும் கிடையாது. நீங்க தோத்து, முதல் கை ஜெயிச்சிருக்கும்னா மட்டும் காட்டுவோம். மத்ததை மறைச்சிருவோம். அந்த யோசனை என்னோடது. இனிமே ஆஸ்பத்திரியில இதை வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. பத்து நிமிஷம் பாருங்க."

கத்துவார் என்று நினைத்தேன். அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். படகின் இன்ஜின் சத்தத்தில் அவர் சொன்னது முதலில் சரியாக விளங்கவில்லை. திரும்பச் சொன்னார்.

"நானும் உங்களுக்கு அப்படித்தான் காட்டினேன் தயாளன்."

நான் அவரைப் பார்த்தேன்.

"தேன்மொழியோட வீட்டுக்காரர்தானே நீங்க. முதல் நாளே, சட்டையில பேரைப் பாத்ததும் தெரிஞ்சுது. எதுக்குக் கூப்பிட்டீங்கன்னும் ஒரு மாதிரி புரிஞ்சுது. வந்துகிட்டே இருந்தேன்."

"என்ன காட்டினீங்க?"

"அன்னிக்கு மயக்க மருந்து டாக்டர் இல்லை. எங்க நர்சிங் ஹோமுக்குன்னு தனியா யாரும் கிடையாது. நாலு இடத்துக்கு ஒருத்தர். அந்த நேரம் அவர் வேற ஊர்ல வேற கேஸ்ல இருந்தாரு. அவர் வந்து சேர்ந்தப்ப மணி நாலு அம்பது."

"நாலு பன்னெண்டுக்கே கையெழுத்துக் கேட்டீங்க."

"கேட்டேன். தாளாவது தயாரா இருக்கட்டும்னு. வேற இடத்துக்கு அனுப்பலாம்னா வழியிலேயே போயிரும்னு பயம். அப்பதான் நீங்க கால் மணி நேரம் கேட்டீங்க. நான் கடிகாரத்தைப் பாத்தேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"எனக்கு அப்ப என்ன தோணுச்சு தெரியுமா? அப்பாடான்னு இருந்துச்சு."

ஓர் அலை தூக்கிப் போட்டது. இருவரும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டோம்.

"நீங்க நாலு பன்னெண்டுக்குப் போட்டிருந்தாலும் நாலு அம்பதுக்குத்தான் கத்தி வெச்சிருப்போம். ஒரு நிமிஷம் முன்னாடி ஆகியிருக்காது. பத்தொம்பது நிமிஷம்னு எழுதினேனே, அது பொய் இல்லை. எங்க முப்பத்தெட்டு நிமிஷத்தை எழுதலை. அவ்வளவுதான்."

அடிக்க வேண்டும் என்று தோன்றியது. கை எழுந்தது. இறக்கிவிட்டேன்.

"இப்ப ஏன் சொல்றீங்க?"

"நீங்க தாளைக் குடுத்துட்டீங்க" என்றார். "என்கிட்டயும் ஒண்ணு இருந்துச்சு."

படகு துறையில் சேர்ந்தது. பாரம் இறங்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இறங்கியது. ஆனால் பதினான்கு மாதமாகத் தேன்மொழிக்கும் எனக்கும் நடுவில் மிச்சமிருந்த ஒரே கயிறு அதுதான். நான்தான் அவளைக் கொன்றேன் என்ற அளவிலாவது அவளுடைய கடைசிப் பொழுதில் எனக்கு ஒரு பங்கு இருந்தது. இப்போது அதுவும் இல்லை. நான் தடுத்து நிறுத்தியதாக நினைத்த அறுவை அப்போது தொடங்குவதாகவே இல்லை. என் கையில் பகடையே இருக்கவில்லை.

மறுநாள் ரோஸலின் கூப்பிட்டார்.

"ப்ரிண்ட் எடுத்தா எடுத்தவன் பேர் பதிவாகும்னு தெரியாதா? எம்.எஸ்சி. படிச்சவன்தானே நீ?"

"தெரியும்."

"டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

கோபப்படவில்லை. "வா" என்று மேசை இருக்கும் தளத்துக்கு அழைத்துப்போனார். சுவரில் புதிதாக ஒரு பலகை இருந்தது. 'முதல் மனசு, நிதானம்: இரண்டுக்கும் ஒரே வாய்ப்பு' என்று பெரிய எழுத்தில் போட்டு, 'எல்லா வீச்சுகளும் திரையில் காட்டப்படுவதில்லை' என்று அதைவிடப் பெரிதாக எழுதியிருந்தார்கள். கீழே முருகையன் டோக்கனை அடுக்கிக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி வழக்கமான கூட்டம். ஒருவர் பலகையைச் சத்தமாகப் படித்தார். "நியாயமான கப்பல்யா" என்றார் இன்னொருவர்.

"காலையிலயே மாட்டிட்டேன். உண்மையைச் சொல்லிட்டா ஆட்டம் நின்னுரும்னு நீதான் பயந்துட்டே. மூணு கப்பல்காரங்க இந்த மேசையைக் கேக்குறாங்க. உன்னை வெளிய அனுப்பினா அவங்க கூட்டிப்பாங்க. அதனால அனுப்பலை. போய் வேலையைப் பாரு."

ஞாயிற்றுக்கிழமை பூவராகன் வந்தார். மணிக்கட்டில் பட்டையைக் கட்டிக்கொண்டார். சட்டைப்பையில் அந்தத் தாள் மடித்தபடியே இருந்தது. பகடை வந்ததும் குலுக்காமல் எறிந்தார். என்னைப் பார்த்தபோது, "பழகிப்போச்சு" என்றார், மன்னிப்புக் கேட்கிறவர் போல.

அன்றே ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். ரோஸலின் அதைப் படிக்காமல் மேசை இழுப்பறையில் போட்டார். "பத்து நாள் லீவு எடுத்துக்க" என்றார்.

புதன்கிழமை காலை சிதம்பரம் பஸ்ஸில் ஏறினேன். நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான். மகளைத் தானே கொன்றதாக நினைத்துக்கொண்டு ஒரு பெண் பதினான்கு மாதமாக அங்கே உட்கார்ந்திருக்கிறார். அப்படி உட்கார வைத்தது நான். அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

மாமியார் செண்பகவல்லி பள்ளிச் சீருடை தைப்பவர். வீட்டின் முன்னறையே தையல் அறை. உள்ளே போனபோது நீல நிறத் துணிக்குவியலுக்கு நடுவே மெஷினில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் காலை மிதியிலிருந்து எடுத்தார்.

"வாங்க மாப்ள" என்றார். நேற்றுத்தான் வந்துபோனவனைக் கூப்பிடுவதுபோல.

ஸ்டூலில் இருந்த துணியை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னார். இளைத்திருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. மயக்க மருந்து டாக்டர், நாலு ஐம்பது, முப்பத்தெட்டு நிமிடம். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். "ராகு காலத்துனால எதுவும் ஆகலை அத்தை. உங்களால இல்லை" என்று முடித்தேன்.

அவர் மெஷினில் இருந்த சட்டையின் நூலைக் கத்தரித்தார்.

"தெரியும் மாப்ள."

"என்ன தெரியும்?"

"டாக்டரு வரலைங்கிறது. பால் தெளிச்ச மறுநாளே தெரியும். அங்க இருந்த நர்ஸ் பொண்ணு, புவனகிரிக்காரி, விசாரிச்சுகிட்டு வந்திருச்சு. அந்தா, அந்த வாசல்ல நின்னு அழுதுச்சு. 'நாங்களும் கையைக் கட்டிகிட்டுத்தாம்மா உக்காந்திருந்தோம்'னுச்சு."

நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"வாசப்படி ஏறாதீங்கன்னீங்களே." அதைக் குறையாகச் சொல்லவில்லை. சட்டையை மடித்துக் குவியலில் வைத்தார். "அது ஒரு சாக்குத்தான். போன்ல சொல்லியிருக்கலாம். சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்கன்னு யோசிச்சேன். அந்த ஆளை வெட்டப் போவீங்க. இல்லாட்டி கேஸு, கோர்ட்டுன்னு அலைஞ்சு அழிஞ்சு போவீங்க. சின்ன வயசு. நான்னா பரவாயில்லை. என்னைத் திட்டினா திட்டோட போயிரும். இவளாலதான் ஆச்சுன்னு நினைச்சுகிட்டீங்கன்னா, உங்க மேல உங்களுக்கு எதுவும் இருக்காதுன்னு நினைச்சேன்."

"உங்களை மட்டும் திட்டலை அத்தை."

"வேற யாரை?"

"என்னையும்தான். கையெழுத்துப் போடாதது நான்தானே. தினமும்."

அவர் கையில் இருந்த கத்தரிக்கோல் அப்படியே நின்றது. என் முகத்தைப் பார்த்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் சரியாகப் பார்த்தார்.

"தினமுமா?"

"தினமும்."

"அது எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார். "தெரிஞ்சிருந்தா மறுநாளே ஓடி வந்திருப்பேனே. நான் என்னமோ மொத்தத்தையும் வாங்கிகிட்டோம்னு நினைச்சுகிட்டில்ல உக்காந்திருந்தேன்."

வெளியே ஓர் ஆட்டோ நின்று, யாரையோ இறக்கிவிட்டுப் போனது. அவர் கத்தரிக்கோலை மெஷின் மேல் வைத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, இப்ப என் மேல இல்லைன்னு ஆயிருச்சு. உங்க மேலயும் இல்லை. அந்த டாக்டரும் ஒத்துகிட்டாரு." அடுத்த சட்டைத் துணியை எடுத்தார். "இனிமே யாரைத் திட்டப் போறீங்க மாப்ள?"

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.